கறுப்பு ப்ரூச்சில் ஒரு பிள்ளையின் முடி

சனிக்கிழமை காலை பத்து நாற்பது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் என் மகளின் போன். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் அதன் மேலேயிருந்த எண்களும் கண்ணில் பதிந்துவிட்டன.

"அம்மா, திரும்பவும் காயுது."

இரண்டு மாதத்துக்கு முன்னால் டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். இடது கையில் போன் இருந்தது. வலது கையில் இருந்த கம்பிக் கூடையை, நகையில் அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு, பேசுவதற்காகப் பின்வாசலுக்குப் போனேன். கூடையில் இருந்தது ஒரு கறுப்பு ப்ரூச், உடுப்பில் குத்திக்கொள்கிற நகை.

பழுது பார்க்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்தத் தொட்டியில் எவ்வளவு நேரம், எந்தப் பற்றவைப்புக்கு எந்தப் பொடி என்பதெல்லாம் பட்டறை மேசையில் இருக்கும் பிஜு சொல்லித் தருவான். அதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். கண்ணில் குறை வந்ததால் ஐம்பத்து நாலு வயதிலேயே நான் அந்தப் பட்டறை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இருபத்து மூன்று வருடத்தில் எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன். இன்னும் மறக்க முடியாதது இந்த ஒன்றுதான். அதனால் இதையே எழுதுகிறேன்.

ப்ரூச் முந்தின நாள் சாயங்காலம் வந்தது. கொண்டுவந்தவர் பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ரிட்டயர்ட் டீச்சர், பெயர் ரோஸ்லெட். பழைய மிஷன் சபைக் குடும்பம். கைக்குட்டையில் சுற்றி, கைக்குட்டையை ஒரு சோப்பு டப்பாவில் வைத்து, டப்பாவை ஹேண்ட்பேக்கின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து என் மேசையில் வைத்தார்.

"பின்னு ஆடுது மக்கா. ஞாயிறாச்ச கோயில்ல பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டு. அதுக்குள்ள வேணும்."

இரண்டு விரல் அகலத்தில் முட்டை வடிவம். சுற்றிலும் கறுப்பு எனாமல் பட்டை. அதற்குள் கடுகு மாதிரி முத்துகள் ஒரு வரிசை. நடுவில் ஓரம் சரித்து வெட்டிய தடித்த கண்ணாடி, அதற்கடியில் பழுப்பு நிறத்தில் பாய் போல நெய்த ஏதோ ஒன்று. பட்டுத் துணி நிறம் மங்கிப்போயிருக்கிறது என்று நினைத்தேன். முதுகில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. உள்ளே அழுக்கு ஏறி அடைத்திருந்ததால் வாசிக்க முடியவில்லை. கடைப் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். உரசிப் பார்த்தபோது ஒன்பது காரட்தான். நம் ஊரில் கொலுசுக்குக் கொடுக்கிற மரியாதைகூட அதற்குக் கொடுக்கமாட்டார்கள்.

"இதுக்குள்ள இருக்கியது..." என்று டீச்சர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அப்போதும் என் மகள்தான் போன் செய்தாள். "டீச்சர், நாளைக்கு மூணு மணிக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்று சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, சோப்பு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

வாடிக்கையாளர் பேச வந்ததை முழுக்கப் பேசவிடுங்கள். நகையைப் பற்றி நமக்குத் தெரியாத ஒரே விஷயம் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கும். நான் அதைக் கேட்காமல் சீட்டைக் கிழித்தவள்.

மறுநாள் அந்தப் பத்து நாற்பதுக்கு வருகிறேன். பின்வாசலில் நாலு நிமிடம் பேசியிருப்பேன். காய்ச்சல் எத்தனை என்று பார்க்கச் சொன்னேன், தண்ணீர் குடிக்கச் சொன்னேன், கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைக்கச் சொன்னேன். திரும்பி வந்து கூடையைத் தூக்கினால் கண்ணாடியின் உட்புறம் மூடுபனி மாதிரி வெளுத்திருந்தது. ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு துளித் தண்ணீர் உள்ளே இங்குமங்கும் ஓடியது. அந்தப் பாய் ஒரு பக்கமாக எழும்பி நின்றது.

பிஜு எட்டிப் பார்த்தான். "அய்யோ அக்கா, உள்ள வெள்ளம் கேறியாச்சு. நான் சூடு காத்து அடிக்கட்டா? ரெண்டு மினிட்டு, காஞ்சிரும்."

நான் முதலில் வேலை பார்த்த கடையில் ஒருவர் இருந்தார். கை பதறுகிற நேரத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கல் உடைந்தாலும் சரி, பற்றவைக்கும்போது சங்கிலி உருகி உருண்டையானாலும் சரி, ஒரு நிமிடம் அப்படி நின்று பார்ப்பார். அப்புறம்தான் தொடுவார். அன்றைக்கு என் கைகள் தாமாகவே பின்னால் போயின.

"வேண்டாம் பிஜு. உள்ள இருக்கது என்னன்னு தெரியாம சூடு காட்டாத."

திறந்து பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைப் பிடித்திருந்த விளிம்பைப் பிஜு கத்தி முனையால் மெல்ல மெல்ல நிமிர்த்தினான். அவ்வளவு பொறுமையாக அவன் வேலை செய்து நான் பார்த்ததில்லை. கண்ணாடி வந்தது. அதன் கீழே ஈரமான அந்தப் பாய், வெங்காயத் தோல் போன்ற ஒரு மெல்லிய தாளில் ஒட்டியிருந்தது. பசை இளகி, ஓரத்துப் பட்டைகள் ஆறேழு பிரிந்து நின்றன. ஒன்றின் நுனியை லென்சில் பார்த்தேன். நூலுக்கு இருக்கிற முறுக்கு அதில் இல்லை. பட்டுக்கு இருக்கிற மினுக்கம் வேறு மாதிரி. தலைமுடி.

நான் லென்சை மேசையில் வைத்துவிட்டேன். உங்களில் சிலருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் வீட்டில் தலையிலிருந்து இறங்கிய முடி இறங்கியதுதான். என் மகளுக்கு முதல் மொட்டை போட்ட முடியைக்கூடக் கோயிலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தோம். இறந்தவர் முடியைக் கண்ணாடிக்குள் வைத்து, தங்கம் கட்டி, நெஞ்சில் குத்திக்கொள்வார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததால்தான் அதைத் துணி என்று நினைத்தேன். துணி என்று நினைத்ததால்தான் தண்ணீரில் போட்டேன்.

பிஜு முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். எழுத்தில் அடைத்திருந்த அழுக்கு போயிருந்தது. அந்த இயந்திரம் அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. இங்கிலீஷில் சாய்வெழுத்தில் வெட்டியிருந்தது: மேரி, இறந்தபோது வயது நாலு.

பிறகு பிஜு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா. சின்னப் பிள்ளைக்க முடி. அந்த நெறத்துல முடி கிட்டினா நாம புதுசா நெய்து வச்சிரலாம். டீச்சருக்கு எப்பிடித் தெரியும்? கண்ணாடிக்குள்ளல்லா இருக்குது."

"முடிக்கு எங்க போவ?"

"உங்க மோளுக்க முடி கொட்டுதுன்னு சொன்னீங்கல்லா."

ஆமாம், சொல்லியிருந்தேன். டெங்கு போன பிறகு அவளுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. சீப்பில் வருவதையெல்லாம் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அடுக்களை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தேன். வெளியே போட மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை. நல்ல பழுப்புக் கலந்த கறுப்பு. வீடு இருக்கிற ஆரியங்கோட்டுக்கு ஒரு ஆட்டோ பிடித்தால் ஒரு மணி நேரத்தில் போய் வந்துவிடலாம்.

நான் மறுத்துவிட்டேன். நேர்மையால் மறுத்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். பயத்தால் மறுத்தேன். உயிரோடு காய்ச்சலில் கிடக்கிற என் பிள்ளையின் முடியை, இறந்துபோன பிள்ளையின் பெயர் வெட்டிய நகைக்குள் வைக்க என் கை எழாது. "அந்தப் பேச்சு வேண்டாம்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் விட்டுவிட்டான். ஆனால் டீச்சருக்கு போன் செய்யவும் இல்லை. மூன்று மணிக்குள் எப்படியாவது சரி செய்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஷைனியைக் கூப்பிட்டேன். கோட்டுகாலில் கல்யாணப் பிளவுசுக்கு ஆரிப் பூவேலை செய்கிறவள் அவள். முப்பத்தைந்து வயதிருக்கும். அதற்கு முன்னால் சபைக்காரர்கள் நடத்திய லேஸ் பின்னும் இடத்தில் பத்து வருடம் இருந்தவள். முத்து கோர்க்க, கம்பி வாங்க நம் கடைக்கு வருவாள். அவள் விரல்களை நான் பலமுறை பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தாள்.

"யாருக்க முடி?"

"நாலு வயசுப் பிள்ள. பேரு மேரி."

ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தாள். முகம் கழுவி, கை துடைத்து, ஃபேனை நிறுத்தச் சொன்னாள். ஈரத்தை ஒற்ற உறிஞ்சுதாள் கேட்டாள். ஒற்றிவிட்டு அரை மணி நேரம் எதையும் தொடாமல், லென்சில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற பிஜுவால் சும்மா இருக்க முடியவில்லை, குனிந்தான்.

"எலே, ஒனக்க மூச்ச அந்தப் பக்கம் திருப்பு. முடி பறக்கும்."

"மூச்சு விடாண்டாம்னா நான் செத்துருவேன். அப்புறம் எனக்க முடியயும் இதுல வைக்க வேண்டி வரும்."

"ஒனக்க தலையில எங்கலே முடி உண்டு?"

அந்த அறையில் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு முறைதான். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

மெல்லிய ஊசியின் காது பக்கத்தால் ஒரு பட்டையை நகர்த்தி, அடுத்ததற்கு அடியில் செருகினாள். ஒவ்வொரு பட்டையிலும் பத்துப் பன்னிரண்டு முடிகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், நாடா மாதிரி தட்டையாகப் படுத்திருந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று. நம் பக்கத்தில் ஓலை முடைகிற அதே முறைதான், ஆனால் ஒரு கட்டம் கடுகுக்குள் அடங்கும். மூன்றாவது பட்டையை எடுத்தவள் நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இஞ்ச வந்து பாருங்க."

லென்சைக் கொடுத்தாள். பட்டையின் நடுவில், இன்னொரு பட்டை மேலே ஏறிக் கடக்கிற இடத்தில், ஒரு ஒட்டு. ஒரு முடிக்கற்றை முடிந்து அடுத்தது தொடங்குகிறது. கடக்கும் பட்டை அந்த ஒட்டை முழுக்க மூடியிருந்தது. அடுத்த பட்டையிலும் அப்படி. அதற்கடுத்ததிலும். ஒரு ஒட்டுகூடக் கண்ணுக்குத் தெரியும்படி மேலே வரவில்லை.

"பிள்ளைக்க முடி நீளமில்ல. ஒரு விரக்கட கூட இருந்திருக்காது. ஒவ்வொரு வரியிலயும் ஒட்டி ஒட்டிப் போயிருக்கா. நீளமான முடியா எடுத்திருந்தா ஒரு நாளு வேலையாக்கும் இது. எவளுக்க முடியெங்கிலும் எடுத்திருக்கலாம். யாரு கண்டா?" ஷைனி கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. "எடுக்கல்ல. இந்தப் பிள்ளைக்க முடியக் கொண்டே முடிச்சிருக்கா. இதுக்கு ஒரு மாசம் இருந்திருப்பா, கேட்டீங்களா."

செய்தது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. ஷைனி பெண் என்றே பேசினாள். எந்த நாட்டில், எந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து செய்தார்களோ. பக்கத்து மேசையில் பிஜு மாதிரி ஒருவன் இருந்து, வேறு முடியை எடு, யாருக்குத் தெரியும் என்று சொல்லியும் இருப்பான். அந்தக் கை கேட்கவில்லை. அதுவும் யாரும் ஒருநாளும் திறந்து பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே கண்ணாடியை மூடியிருக்கிறது.

முத்துகளையும் அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றும் பாதியாக அறுத்து உட்காரவைத்தது. அறுத்த முகம் கீழே, உருண்ட முகம் மேலே. கண்ணீர்த் துளி துணியில் விழுந்து ஊறுவதற்கு முன் ஒரு நொடி நிற்குமே, அந்த வடிவம். எனாமலில் ஒரு கீறல் இல்லை. ஒன்பது காரட் என்று நேற்று உதட்டைப் பிதுக்கியவள் நான். உரைகல் தங்கத்தை மட்டும்தான் சொல்லும். இத்தனை வருடம் அதை நம்பியே பிழைத்ததால், அது சொல்லாததை எல்லாம் இல்லாதது என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

போனை எடுத்தேன். அப்போது மணி ஒன்று பத்து. தப்பு நடந்து இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரம்தான் என் இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது. நீங்கள் அப்படிக் காத்திருக்காதீர்கள். சரி செய்துவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றும். அது நம் வசதிக்காகத் தோன்றுவது. நகை அவர்களுடையது, அதற்கு வந்த கேடும் முதல் நிமிடத்திலிருந்து அவர்களுடையது.

"டீச்சர், நான் நகைக்கடையில இருந்து பேசுதேன். உங்க ப்ரூச்ச நான் வெள்ளத்துல போட்டுட்டேன். உள்ள இருந்த முடி நனஞ்சு போச்சு. கொஞ்சம் பிரிஞ்சும் போச்சு. முடின்னு எனக்குத் தெரியல்ல. மோளுக்குக் காய்ச்சல்னு போன் வந்துது, அந்தப் பதட்டத்துல..."

சாக்கு என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பாதியில் நிறுத்தினேன். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற ஓசை கேட்டது, சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"நான் வாறேன்" என்றார். வைத்துவிட்டார்.

அந்த இரண்டு வார்த்தையில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வர எவ்வளவு நேரம் ஆகும், வழியில் அமரவிளையில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் வீட்டுக்கு ஒருமுறை கூப்பிட்டேன். மகள் எடுக்கவில்லை. தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டேன். வேறு எதையும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஷைனி கடைசிப் பட்டையைச் செருகியபோது மணி இரண்டே கால். பாய் பழையபடி படுத்துவிட்டது. இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் மெல்ல அமர்த்திக் காயவைத்தோம். ஆனால் ஒன்பது முடிகள் மிச்சம் வந்தன. ஒட்டு விட்டுப் போனவை. எங்கே இருந்தவை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"இத எங்கயாவது அடியில சொருவி வச்சிரட்டா?" என்று பிஜு கேட்டான்.

"வேண்டாம்ல. எங்க இருந்துதுன்னு தெரியாம வச்சா அது நம்ம வேல ஆயிரும்" என்றாள் ஷைனி. வெள்ளைத்தாளை மடித்து ஒன்பதையும் அதில் வைத்தாள். கூலி என்ன என்று கேட்டேன். "இத பாக்கதுக்கு நான்தான் உங்களுக்குத் தரணும்" என்று ஹெல்மெட்டை எடுத்தாள். ஆனால் போகவில்லை. அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மணிக்குச் சரியாக ரோஸ்லெட் டீச்சர் வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. கையில் அதே சோப்பு டப்பா. நான் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் மேசையில் பிரித்தே வைத்திருந்தேன்: பின்னை இறுக்கிய சட்டம், கண்ணாடி, காய்ந்துகொண்டிருந்த அந்தப் பாய், மடித்த தாளில் ஒன்பது முடிகள். செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்த முறை மகளைப் பற்றிப் பேசவில்லை. ஷைனி லென்சைக் கொடுத்து, ஒட்டுகள் இருக்கிற இடத்தைக் காட்டினாள். டீச்சர் வெகுநேரம் பார்த்தார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நேற்று நான் சொல்லவிடாத மிச்சத்தைச் சொன்னார்.

"எங்க குடும்பத்துப் பிள்ளையாக்கும். மிஷன் பங்களாவில சமையல் வேல பாத்தவருக்க மோளு. காய்ச்சல்ல போச்சு. பங்களாவில இருந்த துரைசானி அம்மைக்கு அதுமேல ரொம்பப் பிரியம். முடிய வெட்டி எடுத்து, சீமைக்கு அனுப்பி இத செய்து, பெத்தவளுக்க கையில குடுத்துது. அதுக்குப் பிறகு எங்க வீட்டுல எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தாலும் உடுப்புல இத குத்துவோம். மேரியும் கோயிலுக்கு வரணும்லா."

காய்ச்சல் என்ற வார்த்தையைக் கேட்டதும் போனைத் திருப்பிப் பார்த்தேன், மகள் இன்னும் கூப்பிடவில்லை. அவர் மடித்த தாளைப் பிரித்தார். ஒன்பது முடிகளையும் விரல் நுனியால் தொட்டார். தடவினார் என்றே சொல்லவேண்டும், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குகிற மாதிரி.

"நாங்க யாரும் இத தொட்டதில்ல" என்றார். "எனக்க அம்மையும் தொட்டதில்ல. இத்தன காலமும் கண்ணாடிக்குள்ள மூடியே இருந்துது. இன்னைக்குப் பிள்ளைக்குக் கொஞ்சம் காத்து கிட்டிச்சு, அவ்வளவுதான்."

தாளை மடித்து, ஹேண்ட்பேக்கில் இருந்த பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். பாயைக் காட்டி, "பைய காயட்டு, நான் இருக்கேன்" என்றார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எதுக்கு இஞ்ச நிக்கிய மக்கா? காய்ச்சலுன்னு சொன்னியல்லா. போயி மோள போன்ல விளி."